நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் குரல் ஏன் தகரமாகிறது? எஃபெக்ட்களை எந்த வரிசையில் போடவேண்டும்?

வியாசர்பாடியில் மாடி அறையில் வைத்துப் போனில் பதிவு செய்த கானா. குரலும் டோலக்கும் ஒரே டிராக். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் நாய்ஸ் ரிடக்‌ஷன், ஈக்வலைசர், கம்ப்ரஸர், எக்கோ என்று நான்கையும் போட்ட பிறகு குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு நானும் இதே வேலையைச் செய்கிறேன். நண்பர்கள் பாடும் கானா, வீட்டுப் பெரியவர்களின் பேச்சு இரண்டும் என்னிடம் வருகின்றன. ஆகவே நம் பக்கத்துச் சத்தங்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் சத்தங்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மின்விசிறி, பிரிட்ஜ், டியூப்லைட் சோக் எல்லாம் ஒரே சீராக ஒலிப்பவை. துறைமுகத்துக்கு வரிசைகட்டிப் போகும் கன்டெய்னர் லாரி, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஊதும் ரயில், பக்கத்து வீட்டு டி.வி., தெருநாய் எல்லாம் வந்து போகிறவை. நாய்ஸ் ரிடக்‌ஷன் முதல் வகைக்கான கருவி. இரண்டாம் வகையை அதை வைத்துத் துடைக்கப் பார்த்தால் சத்தமும் போகாது, குரலும் தேறாது.

காரணம் அது வேலை செய்யும் விதம். யாரும் வாய் திறக்காத சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் புரொஃபைல் எடுக்கிறீர்கள் அல்லவா? மென்பொருள் அந்தத் துண்டை நூற்றுக்கணக்கான அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரைச்சல் எந்த அளவில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. பிறகு பாட்டு முழுவதும் போய், எந்தப் பட்டையில் ஒலி அந்த அளவை நன்றாகத் தாண்டவில்லையோ, அங்கே அழுத்திவிடுகிறது. இது குரல், இது இரைச்சல் என்று அதற்குத் தெரியாது. அளவு மட்டுமே தெரியும். நீங்கள் எடுத்த துண்டில் ஒரு லாரி போயிருந்தால், அதன் உறுமல் விழுந்த தாழ்ந்த பட்டைகளெல்லாம் இரைச்சல் கணக்கில் சேர்ந்துவிடும். குரலின் கனமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அது போய்விட்டால் மிஞ்சுவது மெலிந்த மேல்பகுதி மட்டுமே. உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

எனவே மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட எஃபெக்ட்களில் நடுவில் இருப்பதை மட்டும் உருவி எடுக்க முடியாது. புராஜெக்ட்டை மூடிவிட்டால் பின்னோக்கிப் போகும் வழியும் அடைபட்டுவிடும். மூலப் பதிவைத் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு நகலில் மட்டும் கை வையுங்கள். அந்த மூலம் வாட்ஸ்அப் குரல் செய்தியாக வந்தது என்றால், பாடியவரிடம் கேட்டு அசல் கோப்பை ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். குரல் செய்தி ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதன்மேல் இரைச்சல் நீக்கம் போட்டால் நீருக்கடியில் பேசுவதுபோன்ற குமிழிச் சத்தம் சீக்கிரம் தலைகாட்டும்.

இப்போது புரொஃபைல். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, மின்விசிறி மட்டும் கேட்கும் இடத்தைத் தேடுங்கள். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காமல் ஹெட்போனில் கேட்டுத் தீர்மானியுங்கள். தூரத்து ஹாரன் அலைவடிவத்தில் தெரியவே தெரியாது. சுத்தமாக ஒரு விநாடி கிடைத்தாலும் போதும். குறைப்பு அளவை 6 டெசிபலில் தொடங்குங்கள். 12ஐத் தாண்டவேண்டிய நிலை வந்தால், அந்தப் பதிவுக்கு இந்தக் கருவி மருந்தல்ல.

அந்தச் சாளரத்திலேயே ‘ரெசிட்யூ’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. பலரும் அதைத் தொடுவதில்லை. எனக்கு இந்த எஃபெக்டில் மிகவும் பிடித்தது அதுதான். அதை அழுத்தி முன்னோட்டம் கேட்டால், பாட்டிலிருந்து எதெல்லாம் எடுக்கப்படப்போகிறதோ அது மட்டும் ஒலிக்கும். அதில் விசிறிக் காற்று மட்டும் கேட்டால் சரி. பாட்டின் சொற்கள் கிசுகிசுப்பாகக் கேட்டால், குரலைத் தின்கிறீர்கள் என்று அர்த்தம். தமிழில் முதலில் போவது அடியின் கடைசி எழுத்துதான். ‘போச்சு’, ‘வந்தது’, ‘கூத்து’ என்று முடியும் குற்றியலுகரம் ஏற்கெனவே குறுகி, தணிந்து ஒலிப்பது. பாடுகிறவர் மூச்சு முடியும் இடமும் அதுவே. எவ்வளவு ஒலியை இரைச்சலாக எடுத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் சென்சிட்டிவிட்டியை ஏற்றிவைத்தால் அந்த ஈற்று உகரம் இரைச்சலோடு சேர்ந்து போய், ‘போச்’ என்று சொல் அறுந்து நிற்கும். கானாவில் இயைபு நிற்கும் இடமே அதுதானே! ரெசிட்யூவில் அந்த உகரங்கள் கேட்காமல் போகும் வரை சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பிறகு மறக்காமல் ‘ரெட்யூஸ்’ தேர்வுக்கு மாற்றிவிட்டு எஃபெக்டைப் போடுங்கள்.

அடுத்தது, குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர். தூரத்து லாரியின் உறுமலில் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடப்பதால் இது நன்றாகவே கைகொடுக்கும். தனிக் குரல் என்றால் ஆணுக்கு 80, பெண்ணுக்கு 100 ஹெர்ட்ஸ் அளவில் தயங்காமல் வெட்டலாம். உங்கள் டிராக்கில் டோலக் இருக்கிறது. அதன் கனத்த பக்கத் தோலில் விழும் ‘கும்’ அடியும் அந்தத் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. 100இல் வெட்டினால் டோலக் வெறும் தட்டலாகிவிடும். 50இல் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். அடியின் கனம் குறையத் தொடங்கியதும் ஒரு படி இறங்கி நின்றுவிடுங்கள். சார்ஜரில் மாட்டிய நிலையில் பதிவு செய்ததால் விடாத ரீங்காரம் இருந்தால், நம் மின்சாரத்துக்கு அது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸுமாக வரும். குறுகிய ஓர் அதிர்வெண் பகுதியை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரை அந்த இடங்களில் மட்டும் ஒடுக்கமாக வையுங்கள்.

ஒவ்வோர் அதிர்வெண் பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அதிகம் செய்யவேண்டாம். நம் சின்ன அறைகளில் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஒலி குமிந்து மந்தமாகும். அங்கே 2, 3 டெசிபல் குறைத்தாலே சொல் துலங்கும். கூட்டுவதைவிடக் குறைப்பது பாதுகாப்பு. மேல்பகுதியை ஏற்றினால் ‘ச’வும் ‘ஸ’வும் காதைக் குத்தும், துடைத்த இரைச்சலின் மிச்சமும் மேலே வரும்.

கம்ப்ரஸர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பேசுவதுபோல் தணிவாக எடுத்து, அடியின் முடிவில் உச்சத்துக்குப் போவது கானாவின் இயல்பு. அந்த இடைவெளியைக் கம்ப்ரஸர் குறைக்கிறது. விகிதம் 3:1 என்றால், நீங்கள் வைத்த வரம்பை ஒலி 3 டெசிபல் தாண்டினால் வெளியே 1 டெசிபல்தான் தாண்டும். உச்சம் தணிந்ததால் கிடைத்த இடத்தில் மொத்தத்தையும் ஏற்றும்போது, தணிவாக இருந்தவை எல்லாம் மேலே வரும். மின்விசிறியும் வரும். அதனால்தான் இரைச்சல் நீக்கத்தை இதற்கு முன்பே முடிக்கவேண்டும். இந்த இரண்டின் வரிசையை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். குரலும் டோலக்கும் ஒரே டிராக்கில் இருப்பதால் 2:1க்கு மேல் போகவேண்டாம். அட்டாக் நேரத்தை, அதாவது ஒலி வரம்பைத் தாண்டியதும் கம்ப்ரஸர் முழுதாக அழுத்த எடுக்கும் நேரத்தை, 20 மில்லி விநாடிக்குக் குறையாமல் வையுங்கள். அதைவிடக் குறைத்தால் தோலில் விரல் படும் அந்த முதல் கணம் நசுங்கி, அடி மழுங்கிவிடும்.

பிறகு நார்மலைஸ், -1 டெசிபலுக்கு. அது டிராக்கிலேயே உயரமான ஒரு முகட்டை மட்டும் பார்த்து மற்றதை ஏற்றுகிறது. மைக் பக்கத்தில் யாரோ கை தட்டியிருந்தால் அந்தத் தட்டல்தான் முகடு; பாட்டு ஏறவே ஏறாது. அந்தத் தட்டலை மட்டும் தேர்ந்தெடுத்து ஆம்ப்ளிஃபையில் 6 டெசிபல் இறக்கிவிட்டு நார்மலைஸ் போடுங்கள். மிச்சம் வைக்கும் அந்த 1 டெசிபல் எம்பி3 ஆக மாற்றும்போது முகடு உடையாமல் காக்கும்.

எக்கோ வேண்டுமா என்பதில் என் கருத்து உறுதியானது: கானாவுக்கு வேண்டாம். மரண வீட்டில் பாடும் கானாவில் இறந்தவரின் பெயரும் தெருவும் தொழிலும் உறவும் அடுத்தடுத்து வரும். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின்மேல் விழுந்தால் அந்த மனிதரைப் பற்றிய செய்தியே கலங்கிவிடும். பாடியவர் விரும்பியே கேட்டால், அடியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் போடுங்கள். எதிரொலி திரும்பி வரும் இடைவெளி தாளத்தோடு ஒட்டவேண்டும் என்றால் 60ஐ நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதால் வகுத்தால் போதும். 100 தட்டுக்கு 0.6 விநாடி. அறையின் சொந்த எதிரொலியை மேலே சொன்ன எந்த எஃபெக்டாலும் எடுக்க முடியாது. அடுத்த பதிவுக்கு, பாடுகிறவரின் எதிரே கொடியில் இரண்டு போர்வையைத் தொங்கவிடுங்கள். எந்த மென்பொருளும் தராத பலன் கிடைக்கும்.

பாட்டின் நடுவே சொல்லின்மேல் ஏறிப்போன லாரி ஹாரனுக்கு என்ன செய்வது? அந்த அடியை மட்டும் மறுபடி பாடவைத்து ஒட்டுங்கள். போன் இருந்த அதே இடம், அதே மின்விசிறி வேகம் இருந்தால் ஒட்டு தெரியாது. மறுபடி பாடமுடியாதவரின் குரல் என்றால் ஹாரனை அப்படியே விடுங்கள். காசிமேட்டில் ஓர் ஆயா கடலுக்குப் போனவர்களைப் பற்றிச் சொன்ன பதிவில் விசைப்படகு எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் அதில் ஹை-பாஸும் நார்மலைஸும் தவிர எதையும் போடவில்லை. ஒவ்வொரு சொல்லும் புரிகிறது.

முடித்ததும் சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பு ஒன்று, எம்பி3 ஒன்று என்று இரண்டாக ஏற்றுமதி செய்து, போன் ஸ்பீக்கரில் தெருவில் நின்று ஒருமுறை கேளுங்கள். கேட்கப்போகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் கேட்பார்கள். அங்கே டோலக்கின் கனம் குறைவாகத் தெரிவது ஸ்பீக்கரின் அளவால். அதற்காகத் திரும்பிப்போய்த் தாழ்ந்த பகுதியை ஏற்றாதீர்கள். சொல் புரியவில்லை என்றால் மட்டும் ஈக்வலைசருக்குத் திரும்புங்கள்.