சினை இறால் முட்டையை உதிர்ப்பது ஏன்?

கேள்வி: வீட்டில் 2 அடித் தொட்டியில் செர்ரி இறால்கள் (அழகுக்காக வளர்க்கும் சின்ன நன்னீர் இறால்கள்) வளர்க்கிறேன். இரண்டு பெண் இறால்கள் வயிற்றடியில் முட்டை சுமந்திருந்தன. ஞாயிறன்று பாதித் தண்ணீரை மாற்றினேன். செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தபோது, ஒன்று கழற்றிப் போட்ட ஓட்டோடு அதன் முட்டைகளும் மணலில் கிடந்தன. அவற்றைப் பொரிக்க வைக்க முடியுமா? இனி இப்படி நேராமல் என்ன செய்வது?
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் கேள்வியிலேயே காரணமும் இருக்கிறது. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள் இல்லை. நீந்துகால்களில் உள்ள நுண்மயிர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஓடு கழன்றால் அந்த மயிர்களும் ஓட்டோடு போய்விடும், முட்டைகளும் கூடவே போய்விடும். சினையாக இருக்கும்வரை இறால் சாதாரணமாக ஓட்டைக் கழற்றுவதில்லை. ஆனால் நீரின் வெப்பமோ கடினத்தன்மையோ (அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவு) ஒரே நாளில் மாறினால் அந்த ஒழுங்கு குலைந்து, முட்டை பொரியும் முன்பே ஓடு உரிந்துவிடும். பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் மாற்றியதுதான் உங்கள் தொட்டியில் நடந்ததற்குக் காரணமாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும். குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

உதிர்ந்த முட்டைகளைப் பொறுத்தவரை, முதலில் வெயில் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை குஞ்சின் கண்கள்; பொரிய அதிக நாள் இல்லை, பிழைக்கும் வாய்ப்பும் நன்றாகவே உண்டு. புள்ளி இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால் முயற்சி செய்யலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். தாய் இறால் நாள் முழுவதும் நீந்துகால்களை விசிறி போல அசைத்து முட்டைகளுக்குப் புதுநீரைப் பாய்ச்சுகிறது, அழுக்கைத் துடைக்கிறது. அந்த வேலையை இப்போது நீங்கள் செய்ய வேண்டும். நுண்ணிய கண்ணுள்ள நைலான் டீ வடிகட்டி ஒன்றில் முட்டைகளை இட்டு, அதே தொட்டியின் நீர்மட்டத்தில் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி தொங்கவிட்டு, அடியில் ஏர் பம்பின் குமிழிகள் மெதுவாக எழும்படி வையுங்கள். முட்டைகள் லேசாக உருள வேண்டும். துள்ளிக் குதிக்கக் கூடாது. வெளுத்துப் பஞ்சு படர்ந்த முட்டையை அன்றன்றே இங்க் ஃபில்லரால் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் பூஞ்சை பக்கத்து முட்டைகளுக்கும் பரவும். பூஞ்சைக்கென்று கடையில் விற்கும் மருந்தை ஊற்றிவிட வேண்டாம்: மீன் மருந்துகள் பலவற்றில் தாமிரம் உண்டு, மீன் தாங்கும் அளவே இறாலைக் கொன்றுவிடும்.

முதன்முறை சினையாகும் இளம் இறால் ஒருசில முட்டைகளை உதிர்ப்பதும் வழக்கம்தான். உங்கள் இறாலின் தலைக்குப் பின்னே, முதுகில், குதிரைச் சேணம் போன்ற மஞ்சள் திட்டு மறுபடி தெரிகிறதா என்று பாருங்கள். அது சூலகத்தில் வளரும் அடுத்த ஈட்டு முட்டைகள்.

கேள்வி: சித்திரை, வைகாசியில் என் இறால்கள் சினையாவதே இல்லை. ஏன்?
– வாசகர், வேலூர்

பதில்: வெயில்தான். செர்ரி இறால் தைவான், சீனா பகுதிகளைச் சேர்ந்தது. 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு இதமான நீர். அந்த வெப்பத்தில் முட்டை பொரிய ஏறத்தாழ 3 முதல் 4 வாரம் ஆகும். வெப்பம் கூடினால் பொரிப்பு விரைவாகும், ஆனால் முட்டைகளின் எண்ணிக்கை குறையும். 32-ஐத் தொட்டால் சினையாவது நின்றுபோகும். மூடியை எடுத்துவிட்டு, சிறிய மேசை விசிறியை நீர்மட்டத்தின் குறுக்கே வீசவிடுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியான அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. மேலும் மேலும் போர் தண்ணீரை ஊற்றினால் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, ஏறிக்கொண்டே போகும். அதற்காகத் தொட்டி முழுவதையும் ஆர்.ஓ. நீரால் நிரப்பிவிடாதீர்கள்: சுண்ணாம்புச் சத்து இல்லாத நீரில் இறாலால் ஓட்டை ஒழுங்காக உரிக்க முடியாது.

கேள்வி: அமானோ இறால் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது, ஒரு குஞ்சு கூடத் தேறவில்லை. சினை இறாலைத் தனிப் பெட்டியில் விட்டால் பலன் கிடைக்குமா?
– வாசகர், கொளத்தூர், சென்னை

பதில்: பிரித்து வைப்பதால் மட்டும் ஆகாது. செர்ரியின் முட்டையிலிருந்து வருவது தாயின் உருவத்தையே கொண்ட குட்டி இறால். அமானோவின் முட்டையிலிருந்து வருவதோ மிதக்கும் நுண் லார்வா. இயற்கையில் அது ஆற்றோடு அடித்துக்கொண்டு கடலுக்குப் போய், உப்புநீரில் வளர்ந்து, உருமாறிய பிறகே ஆற்றுக்குத் திரும்புகிறது. நன்னீரிலேயே விட்டால் சில நாட்களில் மடிந்துவிடும். பொரித்தவுடன் விளக்கொளியால் ஒரு மூலைக்கு ஈர்த்துச் சேகரித்து, கடல் உப்பு கலந்த நீரில் நுண்பாசி ஊட்டி வளர்ப்பவர்கள் உண்டு; பொறுமை மிகவும் தேவைப்படும் வேலை அது. முதன்முறை வளர்ப்பவர் என்றால் செர்ரியிலேயே தொடங்குங்கள். அதையும் வலை போட்டுப் பிடித்துத் தனிப் பெட்டிக்கு மாற்ற வேண்டாம். கைபடாமல் விடுவதே முட்டைக்கு நல்லது. கப்பி போன்ற மீன்கள் குட்டிகளைத் தின்னும் என்பதால் மாற்ற வேண்டியது மீன்களைத்தான். ஃபில்டரின் உறிஞ்சுவாயில் ஸ்பாஞ்ச் மாட்டி, ஒரு கைப்பிடி ஜாவா மாஸையும் (நீரில் வளரும் பாசி போன்ற செடி) ஒரு காய்ந்த நாட்டு வாதாம் இலையையும் போட்டு வையுங்கள். குட்டிகள் அவற்றில் படியும் நுண்படலத்தை மேய்ந்தே வளரும்.