கம்பெனி காலத்துப் பாட்டியின் பிறந்த வீடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் மூதாதைப் பெண் ஒருவர் மதராஸ் ராணுவ சார்ஜென்ட்டை 1820-களில் மணந்தவர். கணவரின் உயிலில் 'என் அன்பு மனைவி மேரி' என்று மட்டும் இருக்கிறது. பிறந்த வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? (பொன்மலை வாசகர்)

பதில்: கணவரின் உயிலை ஓரமாக வையுங்கள். மனைவி எந்த வீட்டுப் பெண் என்று எழுதவேண்டிய அவசியம் கணவனுக்கு இல்லை, அவளைப் பெற்றவருக்குத்தான் உண்டு. 'இன்னாரை மணந்த என் மகள் மேரி' என்று தெளிவாக எழுதினால்தானே பங்கு சரியான ஆளுக்குப் போய்ச்சேரும்? அப்பாவின் உயில் கிடைக்காவிட்டால் மணமாகாத அத்தை, பிள்ளையில்லாத பெரியப்பா என்று போங்கள். இவர்களின் உயில்தான் பொக்கிஷம். உடன்பிறந்தார் பிள்ளைகளைப் பெயர் சொல்லிச் சொல்லிப் பங்கு வைத்திருப்பார்கள். சாட்சிகளையும், உயிலை நிறைவேற்றும் பொறுப்பேற்றவரையும் குறித்துக்கொள்ளுங்கள். மனைவியின் அண்ணன் தம்பி அங்கே தலைகாட்டுவது சகஜம்.

மதராஸ் உயில்களின் பிரதிகளும், ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்களும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தளத்தில் பெருமளவு உண்டு, ஆனால் காசு. முதலில் ஃபிபிஸ் (பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களை ஆராயும் சங்கம்) அமைப்பின் இலவசத் தரவுத்தளத்தில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஆள் உயிலே எழுதவில்லை. தேடல் அவ்வளவுதானா?

பதில்: கேட்கக் குரூரமாக இருக்கும், எனக்கு உயில் எழுதாமல் செத்தவர்களைத்தான் பிடிக்கும். உயிலில் எழுதியவர் விரும்பிய ஆட்கள் மட்டும் வருவார்கள். ஒரு மகள் இல்லையென்றால் கல்யாணத்திலேயே கொடுத்து முடித்திருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். உயில் இல்லாதபோது சட்டமே பிரிக்கும். அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளையில்லாவிட்டால் விதவைக்குப் பாதி, மறுபாதி இறந்தவரின் நெருங்கிய உறவுக்கு. ஆக, யாருக்கு எவ்வளவு போனது என்பதே பாதி வம்சாவளி. நிர்வாகி நியமன உத்தரவு (இறந்தவரின் சொத்தைக் கவனிக்க நீதிமன்றம் ஆள் நியமித்தது), பொருட்பட்டியல், அவர் சாமான்களை விற்ற ஏலக் கணக்கு மூன்றையும் தேடுங்கள். எந்தச் சாமானை யார் என்ன விலைக்கு எடுத்தார் என்றுகூட ஏலக் கணக்கில் இருக்கும். விதவையின் பேருக்குக் கட்டிலையும் மேசையையும் எடுத்துக்கொடுத்தவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் சொந்தக்காரராகத்தான் இருப்பார்.

கேள்வி: 1734/5 என்று தேதி போட்டிருக்கிறது. எந்த ஆண்டு?

பதில்: 1735. ஆங்கிலேயர் 1752-க்கு முன் மார்ச் 25-இல்தான் புத்தாண்டைத் தொடங்கினார்கள். ஜனவரி 1 முதல் அதுவரையிலான நாட்கள் அவர்கள் கணக்கில் 1734, நம் கணக்கில் 1735; அதனால்தான் இரண்டையும் போட்டார்கள்.

கேள்வி: கணவர் இறந்த ஆண்டிலேயே மனைவிக்கு மறுமணம் ஆனதாக இருக்கிறது. பதிவில் பிழையா?

பதில்: இருக்காது. மதராஸ் புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் பதிவான முதல் திருமணமே அப்படித்தான். ஜோசப் ஹின்மர்ஸ் 1680-இல் இறந்தார். அவருடைய மனைவி கேத்தரின் அதே ஆண்டு நவம்பரில், பிற்பாடு மதராஸ் கவர்னரான எலிஹு யேலை மணந்தார். (பின்னாளில் யேல் தன் உயில் வரைவில் இதே கேத்தரினைப் பொல்லாத மனைவி என்று குறித்தது தனிக் கதை.) இப்படிப்பட்ட பெண்ணை இரண்டு கணவர்களின் பெயரிலும் தேடவேண்டும். முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளைகளின் பங்கு முதல் கணவரின் சொத்துக் கணக்கில்தான் இருக்கும்.

கேள்வி: பெண்களே எழுதிய உயில் ஏன் இவ்வளவு அபூர்வம்?

பதில்: அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். அதனால் விதவைகளும் மணமாகாதவர்களும்தான் எழுதினார்கள். 1866 ஜனவரி 1-இல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன்பின் மணந்தவர்களில் மனைவியின் சொத்து திருமணத்தால் கணவனுக்குப் போகவில்லை. எனவே அதற்குப் பிறகு மணந்தவர் என்றால், கணவர் உயிரோடிருந்தாலும் மனைவியின் உயிலைத் தனியாகத் தேடுங்கள்.

கேள்வி: தாய் இந்தியப் பெண். ஞானஸ்நானப் பதிவில் அவர் பெயரே இல்லை. (பரங்கிமலை வாசகி)

பதில்: தேவாலயம் எழுதாத பெயரைத் தகப்பன் உயிலில் எழுதியிருப்பான், ஏனென்றால் பணம் யாருக்கு என்று சொல்லியாக வேண்டும். 'என் பிள்ளைகளின் தாய்க்கு மாதம் இவ்வளவு' என்ற மாதிரி வரியைத் தேடுங்கள். அப்புறம், அந்த உயிலை நிறைவேற்றியவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வரவு செலவுக் கணக்கு. மாதப்படி நின்றுபோன தேதி அதில் இருந்தால், அவர் இறந்திருக்கலாம், வேறொருவரை மணந்தும் இருக்கலாம்; அதையொட்டி அடக்கப் பதிவையும் திருமணப் பதிவையும் சேர்த்தே பாருங்கள். பிள்ளைகளைத் தேட, மதராஸில் 1787-இல் பெண்களுக்கும் 1789-இல் பையன்களுக்கும் தொடங்கிய அநாதை இல்லங்களின் பதிவுகள்.