ரோமானியர் வேறு, லத்தீன்காரர் வேறா?

கேள்வி: ரோமானியர்கள் பேசியதே லத்தீன்தான். அப்படியிருக்க லத்தீன்காரர்களோடு போர் செய்தார்கள் என்று படித்தேன். இரண்டு பேரும் ஒன்றில்லையா?
– வாசகர், திருச்சி

பதில்: ஒரே கூட்டம்தான். டைபர் ஆற்றுக்குத் தெற்கே லாட்டியம் என்ற சமவெளியில் ஒரே மொழி, ஒரே சாமி என்று நிறையச் சின்ன ஊர்கள் இருந்தன, அதன் வடக்கு ஓரத்தில் இருந்த ஊர் ரோம். கி.மு. 493-இல் ரோமும் மற்ற லத்தீன் ஊர்க்காரர்களும் ஓர் உடன்படிக்கை போட்டுக்கொண்டார்கள்: வானமும் பூமியும் இருக்கிற இடத்தில் இருக்கும்வரை சமாதானம், போர் வந்தால் ஒருவருக்கொருவர் துணை, கொள்ளையில் பாதிப் பாதி. கொடுக்கல் வாங்கல் தகராறு வந்தால், அது நடந்த ஊரிலேயே 10 நாளுக்குள் தீர்ப்பு என்றும் ஒரு நிபந்தனை. அக்கம்பக்கத்தார் எதற்கு அடித்துக்கொள்வார்கள் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதியது!

அப்புறம் ரோம் பெருத்துவிட்டது. கி.மு. 340-இல் லத்தீன்காரர்கள் கேட்டது பிரிவினை இல்லை, பங்கு: ரோமை ஆளும் இரண்டு கான்சல்களில் ஒருவர் எங்கள் ஆள், செனட் என்ற ஆட்சி மன்றத்தில் பாதி இடம். ரோம் முடியாது என்றது. போரில் இரு தரப்புக்கும் பேச்சு, ஆயுதம், அணிவகுப்பு எல்லாம் ஒன்றுபோலவே இருந்ததால் ஆள் குழம்பிவிடும் என்று, தனியாகப் போய் யாரும் மோதக் கூடாது என உத்தரவு. கான்சல் டைட்டஸ் மான்லியஸின் மகனே, டஸ்குலம் என்ற லத்தீன் ஊர் வீரன் ஒருவன் சீண்டியதில் ரோஷப்பட்டுப் போய் அவனைக் கொன்று, கவசத்தைக் கழற்றிக்கொண்டு பெருமையாக அப்பாவிடம் வந்து நின்றான். அப்பா படையைக் கூட்டி, எல்லார் கண்ணெதிரிலும் மகன் தலையை வெட்டச் சொன்னார். இது ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் கதை, அவர் எழுதியது 300 வருஷம் கழித்து.

கி.மு. 338-இல் ரோம் ஜெயித்தது. அதற்குப் பிறகு செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு கிடையாது: லானுவியம், அரிசியா ஊர்களுக்குக் குடியுரிமை, டிபூர், பிரைனெஸ்டே ஊர்களுக்கு நிலம் பறிப்பு, மற்றவை தங்களுக்குள் பெண் கொடுக்கவோ வியாபாரம் பண்ணவோ கூட்டம் போடவோ கூடாது. அவரவர்க்கு ரோமோடு மட்டும் தனித்தனி உறவு, பக்கத்து ஊரோடு ஒன்றும் இல்லை.

கேள்வி: அதோடு பழைய உறவு முறிந்துவிட்டதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: திருவிழா மட்டும் நிற்கவில்லை. லாட்டியத்தில் உள்ள ஆல்பன் மலையில் ஜூபிட்டர் சாமிக்கு வருஷா வருஷம் பலி கொடுத்து, ஒவ்வோர் ஊருக்கும் இறைச்சியில் ஒரு பங்கு தருவார்கள். கி.மு. 199-இல் ஆர்தியா ஊரார் தூது வந்து, செனட்டில் புகார் சொன்னார்கள்: எங்கள் பங்குக் கறி வரவில்லை! கி.மு. 176-இல் லானுவியத்து அதிகாரி வேண்டுதலில் ரோம் மக்களைச் சொல்ல மறந்துவிட்டார். விழாவையே முதலிலிருந்து திரும்ப நடத்தச் சொல்லி, செலவை லானுவியத்தின் தலையில் கட்டினார்கள்.