மடிப்பில் வெடிக்கும் அட்டை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாழ்த்து அட்டை செய்ய 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) ஏ4 கலர் அட்டை வாங்கினேன். முழுத் தாளைப் பாதியாக மடித்தால் மடிப்பு வெடித்து உள்ளே வெள்ளை தெரிகிறது. அதே கட்டுத் தாள்களில் செய்த சின்ன கார்டுகளில் சில அழகாக வந்தன, சில வெடித்தன. அட்டை மட்டமா?

பதில்: அட்டையைத் திட்டாதீர்கள், வெட்டிய திசையைப் பாருங்கள். தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாக ஓடும். அந்தப் போக்கிலேயே மடித்தால் வழவழவென்று மடியும், குறுக்கே மடித்தால் நார் முறிந்து வெடிக்கும். தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எப்படி வளைத்தால் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, அப்போது மடிப்புக் கோடு ஓடும் திசைதான் நார்ப் போக்கு. ஏ4 தாள்களில் பெரும்பாலும் இது நீளவாக்கில், அதாவது 297 மி.மீ. பக்கத்தோடு ஓடும்.

அப்படிப்பட்ட தாளைக் குறுக்கே வெட்டி 210 × 148.5 மி.மீ. துண்டுகள் இரண்டு எடுத்து, 105-இல் மடியுங்கள், மடிப்பு நாரோடு போகும். அதே தாளை நெடுக்க 105 அகலத்தில் இரண்டாகக் கிழித்து 148.5-இல் மடித்தாலும் அதே அளவு கார்டுதான், ஆனால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுந்துவிடும். உங்கள் சின்ன கார்டுகளில் பாதி வெடித்தது அதனால்தான் இருக்கும். முழுத் தாளை மடிக்கும் பெரிய கார்டில் மடிப்பு நாருக்குக் குறுக்கேதான் விழும், வேறு வழியில்லை, முதலில் தடம் போட்டுவிட்டு மடியுங்கள். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக இரண்டு மூன்று முறை அழுத்தி இழுத்தால் போதும். பின்பக்கம் மேடு எழும்பும், அந்த மேடு மடிப்பின் உட்பக்கம் வரவேண்டும். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேள்வி: அளந்துதான் வெட்டுகிறேன், மடித்தால் ஓரம் சேரவே மாட்டேன் என்கிறது.

பதில்: 148.5-ஐ 148 என்றோ 149 என்றோ எடுத்திருப்பீர்கள், அங்கேயே அரை மி.மீ. போச்சு. பென்சில் முனை மொட்டையாக இருந்தால் இன்னும் அரை. ஸ்கேலின் பூஜ்ஜிய முனை தேய்ந்திருந்தால் 1 செ.மீ.-இல் தொடங்கி அளந்து, அந்த ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, இரண்டுமே ஒரே ஓரத்திலிருந்து அளந்ததாக இருக்கட்டும், அப்புறம் ஸ்டீல் ஸ்கேலை இரண்டிலும் சேர்த்து வைத்துக் கட்டரால் வெட்டுங்கள். ஒரே இழுப்பில் அறுக்கப் பார்த்தால் பிளேடு சாயும். லேசாக மூன்று நான்கு முறை இழுங்கள். கத்தரிக்கோல் நேர்கோட்டுக்கு உதவாது, எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும். மூலைமட்டம் இருந்தால் நான்கு மூலையும் சோதித்துவிடுங்கள், கோணம் தவறிய தாளில் எந்த அளவும் நிற்காது. இதற்கு மேலும் துளி நீட்டிக்கொண்டிருந்தால், மடித்த பிறகு திறக்கும் ஓரத்தை மட்டும் ஒரு சீவு சீவிவிடுங்கள்.

கேள்வி: முகப்பில் ஒட்டும் கலர்த் தாளை எந்த அளவில் வெட்டுவது?

பதில்: சுற்றிலும் 3 மி.மீ. ஓரம் தெரிய வேண்டுமானால் நீளம், அகலம் இரண்டிலும் 6 குறையுங்கள், மூன்று அல்ல. 105 × 148 கார்டுக்கு 99 × 142. உறை 114 × 162 இருந்தால் கார்டு தாராளமாக நுழையும், ஆனால் முகப்பில் பூ, மணி என்று உயரமாக ஒட்டுகிறவர்கள் உறையை அப்புறம் வாங்குவது நல்லது.