போகும்போது முல்பாகல் தோசை, வரும்போது ஆம்பூர் பிரியாணி

வாசகர் கேள்விகளுக்கு வேலூரில் சுற்றுலா வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் ஒருநாள் கூடுகிறோம். நந்தி மலைப் பக்கம் இரண்டு ஒயினரிகளை (ஒயின் தயாரிக்கும் ஆலைகளை) சுற்றிப் பார்த்துவிட்டு, ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டு இரவுக்குள் வீடு வந்து சேர ஆசை. நண்பன் ஒருவன் கார் ஓட்டுவான், "ரெண்டு வாய்தான் குடிப்பேன்" என்கிறான். சரிப்படுமா? (வாசகர், காட்பாடி)

பதில்: ஒரு ஒயினரி என்றால் சரிப்படும். இரண்டு வேண்டாம். ஒன்றைப் பார்த்தவனுக்கு இரண்டாவதில் புதிதாகப் பார்க்க எதுவும் இருக்காது, குடிக்கத்தான் இருக்கும்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பெங்களூர்ப் பக்கம் என்றாலே கிருஷ்ணகிரி, ஓசூர் என்று வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டினால் ஊரைச் சுற்றி வெளியே வருவதற்குள் வெயில் ஏறிவிடும். நீங்கள் இருப்பதோ காட்பாடி. விடியும் முன் சித்தூர் ரோட்டைப் பிடியுங்கள். பலமநேர் தாண்டி முல்பாகல் வரும்போது சரியாகப் பசிக்கும். அங்கே தோசை சாப்பிடாமல் நகரக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் வெந்து, அடி முறுகி, நடுவில் பஞ்சாக இருக்கும். உள்ளே சிவப்புச் சட்னி தடவி, மேலே நெய்யைத் தாராளமாக விடுவார்கள். ஒருவருக்கு ஒன்று போதும் என்று கணக்குப் போடாதீர்கள். அப்புறம் கோலார், தேவனஹள்ளி வழியாக நந்தி மலை அடிவாரம். தொட்டபள்ளாபூர் பக்கம் குரோவர் ஜாம்பா என்ற ஒயினரி இருக்கிறது. முன்பதிவு செய்யாமல் போய் கேட்டில் நிற்காதீர்கள்.

என் தொழிலில் ஒரு சௌகரியம். வண்டியில் வந்தவர்கள் கோப்பையைப் பார்க்கும்போது நான் ஆலையைப் பார்ப்பேன். கறுப்புத் திராட்சையைப் பிதுக்கிப் பாருங்கள், சாறு வெளிறித்தான் வரும். சிவப்பு ஒயினுக்கு நிறம் கொடுப்பது தோல். தோலோடு ஊறவிட்டுப் புளிக்க வைத்தால் சிவப்பு, சாறை முதலிலேயே பிழிந்து தனியாகப் புளிக்க வைத்தால் வெள்ளை. பெரிய எவர்சில்வர் தொட்டிகளைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். சூடு ஏறினால் வாசனை போய்விடும் என்று சுற்றிலும் குளிர்ச்சி ஓடவிட்டிருப்பார்கள். உள்ளே ஓக் மரப் பீப்பாய்கள், ஒவ்வொன்றும் சுமார் 225 லிட்டர். அந்த அறைக்குள் நுழைந்ததும் மரமும் புளிப்பும் கலந்து ஒரு வாசனை அடிக்கும் பாருங்கள், குடிக்காத எனக்கே அது பிடிக்கும்.

போவதானால் பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் தூங்கிவிடும். இங்கே தூங்காது. அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, இந்த மாதங்களை ஒட்டி ஒரு தடவைதான் காய் எடுப்பார்கள். மழைக்காலத்தில் போனால் வெறும் இலையைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

இப்போது உங்கள் நண்பர் விஷயம். ருசி பார்க்கும் மேஜையில் வெள்ளையில் தொடங்கி சிவப்பில் முடிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள், ஆனால் நாலைந்து வகை வரும். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது. மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். "ரெண்டு வாய்" என்று ஆரம்பித்தவர்களை எத்தனையோ பேரைப் பின் சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். ருசி பார்த்த ஒயினைத் துப்புவதற்கு அங்கே பாத்திரம் வைத்திருப்பார்கள், நம்மவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பேசாமல் ஒரு டிரைவரை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். "நீங்க வண்டியிலேயே இருங்க, பார்சல் வாங்கிட்டு வரோம்" என்று போய் மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

மதியம் அங்கே அதிகம் சாப்பிடாமல் கிளம்புங்கள். திரும்பும்போது கோலாரிலிருந்து பங்காரப்பேட்டை. அங்கே பானிபூரிக்கு ஊற்றும் நீர் பச்சையாக இருக்காது, கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். வாயில் வைத்த பிறகுதான் காரம் தெரியும். பிறகு கோலார் தங்கவயல், வி.கோட்டா, பேரணாம்பட்டு இறக்கம், ஆம்பூர். அந்த மலைப்பாதையை வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். ஒயினரியில் இன்னும் ஒரு கிளாஸ் என்று உட்கார்ந்தால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

ஞாபகமாக பாட்டில் வாங்கி வரலாம் என்று யாராவது கிளம்புவார்கள். நீங்கள் தாண்டுவது ஆந்திரா, தமிழ்நாடு என்று இரண்டு எல்லை. அனுமதி இல்லாமல் வெளிமாநிலச் சரக்கு வைத்திருந்தால் சோதனைச்சாவடியில் வண்டியும் மாட்டும், டிரைவரும் மாட்டுவார்.

கேள்வி: நாங்கள் நாலு தோழிகள். யாரும் குடிப்பதில்லை, ஒருத்தி சைவம். நம் பக்கத்திலேயே தின்று சுற்ற ஒரு நாள் போதுமா? (வாசகி, இராணிப்பேட்டை)

பதில்: தாராளம். இனிப்பிலிருந்து ஆரம்பியுங்கள். பாலாற்றைத் தாண்டினால் ஆற்காடு, அங்கே மக்கன் பேடா. பார்க்க குலாப் ஜாமூன் போல இருக்கும், ஸ்பூனால் பிளந்தால்தான் வித்தியாசம் தெரியும். உள்ளே முந்திரி, பாதாம், திராட்சை, வெள்ளரி விதை எல்லாம் பொடியாக நறுக்கி அடைத்திருக்கும். ஆளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மதியச் சாப்பாடு இருக்கிறது. அப்படியே பழைய கோட்டை வாசலான டெல்லி கேட்டைப் பார்த்துவிட்டு வேலூர் கோட்டைக்கு வந்து, அகழி ஓரமாக ஒரு நடை நடந்தால் பேடா இறங்கிவிடும்.

பிறகு ஆம்பூர். சீரக சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, மூடிமேல் கரித்தணல். மசாலா நெடி மூக்கில் ஏறாது. அதனால்தான் நிறையச் சாப்பிட்டும் வயிறு கனப்பதில்லை. சைவத் தோழிக்குக் கடைக்காரரிடம் குஸ்கா கேட்காதீர்கள், அது கறி வெந்த அதே சோறு. தொட்டுக்கொள்ளத் தரும் புளிப்பான கத்திரிக்காயையும் விசாரித்துவிட்டே போடச் சொல்லுங்கள். அவருக்கு வேலூரிலேயே நல்ல சைவ ஓட்டலில் சாப்பாட்டை முடித்துவிடுவது உத்தமம். திரும்பும்போது சந்தையில் இலவம்பாடி முள் கத்திரிக்காய் கிடைத்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. காம்பில் முள் இருக்கும், பையில் கைவிடும்போது ஜாக்கிரதை.

கேள்வி: ஆம்பூர் பிரியாணிக்கு எந்த ஒயின் பொருத்தம்? (வாசகர், குடியாத்தம்)

பதில்: ருசி மேஜையில் நிற்கிறவர்கள் சொல்லிக் கேட்டது: மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பான சிவப்பு ஒயின் சேர்ந்தால் எரிச்சல் கூடும். லேசாக இனிக்கிற வெள்ளை, நன்றாகக் குளிரவைத்தது, தேவலையாம். என்னைக் கேட்டால் பன்னீர் சோடா.