ரைசோபியம் கலந்து விதைத்தும் பட்டாணியில் வேர்முடிச்சு வரவில்லை, ஏன்? (நீலகிரி, மண் பி.எச் 4.8)

ரைசோபியம் (பயறு வகைச் செடியின் வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) பொட்டலம் போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். பி.எச் என்பது அமில அளவு: 7 நடுநிலை, அதற்குக் கீழே எண் குறையக் குறைய அமிலம் கூடும். 4.8 பி.எச் உள்ள மண்ணில் நல்ல பொட்டலமும் தோற்கும்.

பி.எச் 5.5க்குக் கீழே இறங்க இறங்க, களிமண்ணில் கட்டுண்டிருக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும். வேர் குட்டையாகும், வேர்த்தூவிகள் குறையும். பட்டாணிக்குள் ரைசோபியம் நுழைவதே வேர்த்தூவி வழியாகத்தான். அது வேரில் ஒட்டுவதற்குத் தேவையான கால்சியமும் அமில மண்ணில் குறைவு. யூரியா போட்டால் செடி பச்சையாக நிற்கும், ஆனால் முடிச்சு இருக்காது. தட்டைப்பயறும் நிலக்கடலையும் இந்த அமிலத்தை ஓரளவு தாங்கும். பட்டாணி தாங்காது.

முடிச்சு வந்தாலும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பூக்கும் பருவத்தில் செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து (பிடுங்கினால் முடிச்சு உதிர்ந்துவிடும்) முடிச்சை நறுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் தழைச்சத்து சேர்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கு மாலிப்டினம் வேண்டும், அமில மண் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளும்.

தீர்வு சுண்ணாம்புதான், ஆனால் பி.எச் எண்ணை மட்டும் வைத்து அளவு சொல்ல முடியாது. மட்கிய பொருளும் களியும் மிகுந்த மலை மண், மணல் மண்ணைவிடப் பல மடங்கு கேட்கும். மண் பரிசோதனையில் 'சுண்ணாம்புத் தேவை'யையும் கேட்டு வாங்குங்கள். நைசாக அரைத்த டோலமைட்டை (மெக்னீசியமும் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) விதைப்புக்கு ஒரு மாதமாவது முன்பு, ஈரமுள்ள மண்ணில் 15 செ.மீ. ஆழம் வரை கலக்க வேண்டும். மேலே தூவிவிட்டால் கீழே இறங்காது. இலக்கு 6.0 போதும். அடுத்த பயிர் உருளைக்கிழங்கு என்றால் 5.5ஓடு நிறுத்துங்கள், அதற்கு மேல் சொறி நோய் கூடும்.

விதை நேர்த்தியில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. உளுந்துக்கான ரைசோபியம் பட்டாணியில் முடிச்சு போடாது, பட்டாணிக்குரியதைக் கேட்டு வாங்க வேண்டும். கலந்த விதையை சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்த்துப் போட்டால் அதன் அமிலமே பாக்டீரியாவைக் கொல்லும். நீற்றிய சுண்ணாம்பில் விதையைப் புரட்டினாலும் அதே கதிதான். கோந்துக் கரைசலில் ரைசோபியத்தைக் கலந்து விதையில் பூசி, ஈரம் காயும் முன் நைசான கால்சியம் கார்பனேட் தூளில் உருட்டி, நிழலில் உலர்த்தி 24 மணி நேரத்துக்குள் விதையுங்கள். இந்த மேல்பூச்சு விதையைச் சுற்றி மட்டுமே அமிலத்தைத் தணிக்கும். வயலுக்குச் சுண்ணாம்பு இடுவதற்கு இது மாற்று ஆகாது.