பார் தரையை விட்டு எழும்போது இடுப்பு எங்கே?

பளுதூக்குதல் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தொடக்கநிலையை, அதாவது பாரை (எடை மாட்டும் இரும்புத் தண்டு) தரையிலிருந்து தூக்கத் தொடங்கும்போது உடம்பு நிற்கும் நிலையைப் பற்றியவை. இன்றைக்கு அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மாஸ்டர், இடுப்பு முட்டிக்கு மேலே இருக்க வேண்டுமா, சமமாகவா? ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள்.

பதில்: எல்லாருக்கும் பொதுவான உயரம் கிடையாது. போட்டி பிளேட்டின் (பாரில் மாட்டும் எடைத் தட்டு) விட்டம் 45 செ.மீ.; ஆக பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் கிடக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்ற மீராபாய் சானுவுக்கும் அந்த உயரம்தான். அங்கேயே மொத்தம் 488 கிலோ தூக்கித் தங்கம் வென்ற ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸேக்கும் அதேதான். சானு ஐந்து அடிகூட இல்லை, லாஷா ஆறரை அடிக்குக் கிட்டத்தட்ட. இருவருக்கும் இடுப்பு ஒரே மாதிரி எப்படி அமையும்? தொடை நீளமானவருக்குச் சற்று மேலே நிற்கும், அவ்வளவுதான்.

மற்றதைச் சரியாக வையுங்கள். பார் கால் பெருவிரல் தொடங்கும் இடத்துக்கு மேலே. பாரம் பாதத்தின் நடுவில். முதுகு விறைப்பாக, கை கயிறு மாதிரி நேராக. தோள் பாருக்கு மேலே, இம்மி முன்னால். இத்தனையும் அமைந்தபின் இடுப்பு நிற்கும் இடம்தான் ஏறக்குறைய உங்களுக்கான இடுப்பு உயரம்.

கேள்வி: அண்ணா, நான் நன்றாக இறங்கித்தான் உட்காருகிறேன். தூக்கியதும் இடுப்பு மட்டும் முதலில் எழும்பிவிடுகிறது, ஸ்நாட்சில் (பாரை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) பார் முன்னால் விழுகிறது. கால் பலம் போதாதா?

பதில்: கால் பலத்தில் குறையில்லை தம்பி, உட்காரும் இடம்தான் தவறு. அதிகம் இறங்கினால் தோள் பாருக்குப் பின்னால் போய்விடும், முட்டி பாரின் வழியில் வந்து நிற்கும். உடம்பு தனக்கு வசதியான இடத்தைத் தேடி இடுப்பை மேலே கொண்டுபோகும். அதற்குள் பார் முட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே போயிருக்கும். நான் முதலில் பழகிய இடத்தில் "உட்கார், இன்னும் உட்கார்" என்றே சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வருடம் கணைக்கால் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

இதைச் செய்து பாருங்கள். உங்களால் முடிந்ததில் 70 விழுக்காடு ஏற்றி, பாரை இரண்டு விரல் உயரம் மட்டும் மெதுவாக எழுப்பி, மூன்று எண்ணும்வரை நிறுத்துங்கள். பக்கவாட்டில் போனை வைத்துப் படம் எடுங்கள். நிறுத்திய நொடியில் இடுப்பு எங்கே இருக்கிறதோ, அடுத்த முறை அங்கிருந்தே தொடங்குங்கள். எங்கள் கூடத்தில் ஒரு பெண்ணுக்கு நான்கு விரல் வித்தியாசம் இருந்தது. இடுப்பை அங்கே வைத்ததும், "மாஸ்டர், இப்போதான் தொடையின் பின்பக்கம் இழுக்குது" என்றாள். அந்த இழுவைதான் அடையாளம். பார் முட்டியைத் தாண்டும்வரை தோளும் இடுப்பும் சேர்ந்தே ஏற வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் டெட்லிஃப்ட் மாதிரி இடுப்பை உயரமாகவே வைக்கலாமா?

பதில்: வேண்டாம். டெட்லிஃப்டில் நிமிர்ந்து நின்றதும் வேலை முடிந்தது. இங்கே பார் தொடைக்கு வந்த பிறகுதான் முழு வேகத்தில் வெடித்து எழ வேண்டும். தொடக்கத்திலேயே முட்டி நிமிர்ந்துவிட்டால் தரையைத் தள்ளக் கால் மிச்சமிருக்காது, சுமை முழுக்க முதுகில் இறங்கும்.

கேள்வி: எங்கள் ஜிம்மில் சின்ன இரும்பு பிளேட்தான், சார்.

பதில்: கேட்டது நல்லது. சின்ன பிளேட்டில் பார் 22.5 செ.மீ.க்குக் கீழே கிடக்கும், நீங்கள் பழகும் இடுப்பு உயரமே பொய்யாகிவிடும். இரு பக்கமும் பலகையோ தட்டையான பிளேட்டோ அடுக்கி, டேப் வைத்து அளந்து உயர்த்துங்கள். தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

கேள்வி: ஸ்நாட்சுக்கும் கிளீனுக்கும் (பாரை முதலில் தோள்வரை தூக்குவது) ஒரே உயரமா?

பதில்: இல்லை. ஸ்நாட்சில் பிடி அகலம், அதனால் தோள் பாருக்கு நெருங்கி வரும். உடல் இன்னும் சாயும், அல்லது இடுப்பு கொஞ்சம் இறங்கும். இரண்டுக்கும் தனித்தனியாகப் படம் எடுங்கள்.

கேள்வி: சில வீரர்கள் இடுப்பை ஏற்றி இறக்கிவிட்டுத் தூக்குகிறார்களே?

பதில்: அந்த அசைவு அவரவர் பழக்கம். பார் தரையை விடும் நொடியில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். நல்ல வீரருக்கு ஒவ்வொரு முறையும் இடுப்பு ஒரே இடத்தில் இருக்கும். முதல் ஆறு மாதம் நீங்கள் அசையாமலே தொடங்குங்கள்.

கேள்வி: பயிற்சிக்கு அப்புறம் இடுப்புக்கு மேல் வலிக்கிறது.

பதில்: எடையைக் குறைத்து, எழுப்பும்போது முதுகு வளைகிறதா என்று படத்தில் பாருங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ பாரைத் தொடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.